புதுப்பிப்பு: சுளகோடு வரச் சொன்னோம், வந்துவிட்டார்கள்

முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில், பீடி சுற்றும் தாய்மார்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு திண்ணை வகுப்பு தொடங்கினோம், ஆளே வரவில்லை என்று போன ஆனியில் இங்கே புலம்பியிருந்தேன். தப்பு எங்கள்மேல்தான். 2021-இல் வந்த தமிழக அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி மாலை 5 முதல் 7 வரை நடந்ததால் நாங்களும் அதே நேரத்தை வைத்தோம். பிள்ளைகளுக்கு அது சரி. பீடிக் கணக்கை முடிக்கவேண்டிய அம்மாவுக்கு?

அப்புறம்தான், மடியில் வைத்துப் பீடி சுற்றும் முறத்தைச் சொல்லி, "சுளகோடயே வாங்க" என்றோம். இப்போது பிள்ளை சத்தமாக வாசிக்க, அம்மா இலை வெட்டிக்கொண்டே கேட்கிறாள். கத்தரிச் சத்தம் நின்றால் கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு மதினி, தினமும் கொடுக்கும் பீடியைக் கடையில் எழுதித் தரும் தன் பாஸ்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆயிரம் பீடி கொடுத்த நாளில் எண்ணூறு என்று இருந்தது. மறுநாள் பீடிக் கடையில் போய், "தம்பி, இதுல எண்ணூறுன்னுல்லா போட்டிருக்கு" என்று கேட்டுவிட்டார். கழிவு, அதாவது சரியில்லை என்று தள்ளிய பீடி, என்று முனகிவிட்டுத் திருத்திக் கொடுத்தார்களாம்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியவே இல்லை. தெரிந்தவர்களுக்கோ ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கிக் கணக்கில் வேறு இனிஷியல். இப்போது சனிக்கிழமைகளில் அதைத்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்பாக்கள்? இன்னும் டீக்கடையில்தான்.