ஸ்பிளிட்டிலிருந்து ஒரு வாரம் பாய்மரப் படகில்: போய் வந்தவர்கள் யாராவது?

செப்டம்பரில் நானும் மனைவியும் குரோவேஷியாவில் ஒரு வாரம் பாய்மரப் படகில் போகிறோம். எங்களிடம் லைசென்ஸ் கிடையாது, அதனால் படகை ஓட்டும் ஸ்கிப்பரோடுதான். சனிக்கிழமை ஸ்பிளிட் நகரத்தில் ஏறி ஹ்வார், வீஸ், கோர்ச்சுலா தீவுகளைப் பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை அங்கேயே இறங்க வேண்டும். தெற்கே தள்ளி இருக்கும் டுப்ரோவ்னிக் நகரத்துக்கும் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஏழு நாளில் அது வெறும் ஓட்டமாகிவிடும் என்பது என் கணக்கு. சரிதானா?

பெரிய கவலை காற்றுதான். மதியத்துக்கு மேல் வீசும் மேஸ்ட்ரல் பரவாயில்லையாம். தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ அலையைக் கிளப்பிவிடுமாம். போன வருடம் ஒரு மணி நேரப் பயணத்திலேயே பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள்! யூகோ அடித்தால் வீஸ் தீவில் எங்கே ஒதுங்குவது நல்லது, கொமிஷாவிலா, வீஸ் ஊர்த் துறைமுகத்திலா?

அப்புறம், ஹ்வார் ஊரில் ராத்திரி ஒரே சத்தம் என்கிறார்கள். அதே தீவில் ஸ்டாரி கிராட் அமைதியாக இருக்குமா?