கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிஞ்சு பகிர்ற கருவி) ஃபோர்ஸ் வித் லீஸ் போட்டா அடுத்தவர் கமிட் (பதிஞ்ச மாற்றம்) அழியாதா?

கிளைக்காரன்: “புஷ் ரிஜெக்ட் ஆனா --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்க, யார் கமிட்டும் அழியாது”ன்னு நிரலன் தன் பதிவுல அடிச்சுச் சொல்றார். புஷ்னா நம்ம கமிட்டை ரிமோட்டுக்கு, அதாவது பொது சர்வருக்கு அனுப்புறது. லீஸ்னா, ரிமோட் நமக்குத் தெரிஞ்ச இடத்திலேயே இருந்தா மட்டும் மேலெழுதுறது. தப்பு. லீஸ் ஒப்பிடுறது உங்க மெஷின்ல இருக்கிற ஆரிஜின்/மெயின் குறியை, அதாவது ரிமோட்டோட மெயின் பிராஞ்ச் (கிளை) கடைசியா எங்க இருந்ததுங்கிற குறியை. எடிட்டர் பின்னணியில ஃபெட்ச் பண்ணிட்டா (ரிமோட்ல இருக்கிறதை இறக்கிட்டா) அந்தக் குறி நகர்ந்திடும். அடுத்தவர் கமிட்டை நீங்க பார்க்காமலே லீஸ் ஒத்துப்போகும். கமிட் போச்சு.

நிரலன்: விஎஸ் கோடு எடிட்டரில் ஆட்டோஃபெட்ச் (தானா ஃபெட்ச் பண்றது) இயல்பாவே அணைஞ்சுதான் இருக்கும். நீங்களா போட்டுக்கிட்டு லீஸைக் குறை சொல்லாதீங்க. வெறும் --ஃபோர்ஸ் எதையுமே ஒப்பிடாது. கிட் 1.8.5லிருந்து இருக்கிற வசதி இது, 2013லிருந்து!

கிளைக்காரன்: ஃபோர்ஸை விட மேல்னா ஒத்துக்கலாம். “அழியாது”ன்னுதானே எழுதினீங்க? ஆட்டோஃபெட்ச் போட்டா 180 விநாடிக்கு ஒரு ஃபெட்ச். அதுகூட வேண்டாம், கையால கிட் ஃபெட்ச் அடிச்சுட்டு ரீபேஸ் பண்ணாம (உங்க கமிட்டை அதுக்கு மேல மறுபடி அடுக்காம) விட்டாலே போதும். ரிமோட்ல எதிர்பார்க்கிற கமிட்டோட ஹாஷை (அடையாளக் குறியீட்டை) நீங்களே கொடுக்கணும்: --ஃபோர்ஸ்-வித்-லீஸ்=மெயின்:ஹாஷ். இல்லேன்னா கிட் 2.30ல் வந்த --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸைச் சேர்க்கணும்; ஃபெட்ச் ஆனதை நீங்க உங்க பிராஞ்சுல சேர்த்தீங்களான்னு அது பார்க்கும். ஹாஷும் கொடுத்து அதையும் சேர்த்தா, இன்க்ளூட்ஸ் சும்மா கிடக்கும். கவனம்.

ரீபேஸ்_செல்வி: “ஃபெட்ச் ஃபர்ஸ்ட்”னு பிழை வந்தா ஃபோர்ஸ் பேச்சே எதுக்கு? கிட் புல் --ரீபேஸ் (ஃபெட்ச் பண்ணி உடனே ரீபேஸ்), அப்புறம் புஷ்.

நிரலன்: சொந்த பிராஞ்சை ரீபேஸ் பண்ணினவங்களுக்குச் சொன்னது அது. அங்க புல் பண்ணி பழசும் புதுசும் மெர்ஜ் ஆனா (இணைஞ்சா) ஒரே மாற்றம் ரெண்டு கமிட்டா நிக்கும்.

ரீபேஸ்_செல்வி: --ரீபேஸ்னு எழுதியிருக்கேன், படிச்சுட்டுப் பேசுங்க. ஹெச்டிடிபி 413க்கும் (அனுப்பினது ரொம்பப் பெரிசுன்னு வர்ற பிழை) இப்படித்தான் போஸ்ட்பஃபரை (கிட் அனுப்புறப்போ சேர்த்து வைக்கிற அளவு) 524288000 பைட் ஆக்கச் சொன்னீங்க. 413ன்னா சர்வர் வரம்பு. பஃபரைக் கூட்டினா அது நகராது.

நிரலன்: சங்க்டு என்கோடிங் (துண்டு துண்டா அனுப்புறது) ஏற்காத ப்ராக்ஸிக்கு, அதாவது இடைச் சர்வருக்கு, பஃபர் உதவும். அதையும் அங்கேயே எழுதியிருந்தேன், நீங்கதான் விட்டுட்டீங்க.

கிளைக்காரன்: பஃபர் கிடக்கட்டும். அழியுமா, அழியாதா?

நிரலன்: அழியாது. ஃபெட்ச் ஆன கமிட் உங்க மெஷின்லயே இருக்கும். கிட் ரெஃப்லாக் ஷோ ஆரிஜின்/மெயின் அடிங்க, குறி நகர்ந்த வரலாறு அது, பழைய நுனி வரும்.

கிளைக்காரன்: பிராஞ்சோட இப்போதைய நுனியிலிருந்து எட்டாத கமிட்டோட ரெஃப்லாக் பதிவுக்கு இயல்பு ஆயுள் 30 நாள். அதுவும், போச்சுன்னு தெரிஞ்சாத்தானே தேடுவாங்க? ரிமோட்ல அந்த பிராஞ்சில் கமிட் இல்லை. அதுக்குப் பேர் அழிஞ்சதுதான்.

நிரலன்: மீட்க முடிஞ்சா அழியலை.

கிளைக்காரன்: அப்போ சர்வர்ல ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸை (பழைய கமிட்டைத் தள்ளிவிடுற புஷ்ஷை மறுக்கிற அமைப்பு) ட்ரூ ஆக்குங்கன்னு எதுக்கு எல்லாரும் தலையால அடிச்சுக்கிறாங்க? “அழியாது”ங்கிற வரியை எடுங்க.

நிரலன்: எடுக்க மாட்டேன்.