‘அணி கட்டிட விளையாட்டு’க்கு மாற்றாக ஒரு கலைச்சொல்

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் தொழிலாளர்களில் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், அறிவிப்புப் பலகையில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவிப்புகள் ஒட்டப்படும். மேலாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து விளையாடும் ஒருநாள் நிகழ்ச்சிக்காகச் சென்ற மாதம் கனகபுரா சாலையில் ஒரு தோப்பை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதற்கான தமிழ் அறிவிப்பை யாரோ கணினியில் மொழிபெயர்த்து, ‘அணி கட்டிட விளையாட்டுகள்: அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்’ என்று ஒட்டிவிட்டார்கள். லேத் பிரிவில் உள்ள பெரியவர் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்து, “சார், ஞாயித்துக்கிழமை கொத்து வேலைக்குக் கூப்பிடறாங்களா? கரணையை நாங்களே கொண்டு வரணுமா?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இனி ஆண்டுதோறும் நடக்கவிருக்கும் அந்நிகழ்ச்சிக்கான கையேட்டைத் தமிழில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால், டீம் பில்டிங் கேம்ஸ் என்று அலுவலகங்களில் வழங்குவதற்கு ஒரு நல்ல சொல்லைத் தேடி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் இடர்ப்பாடு ‘டீம்’ என்பதிலேயே இருக்கிறது. ‘அணி’ என்றவுடன் எதிரே இன்னோர் அணி வந்து நின்றுவிடுகிறது. கிரிக்கெட்டிலும் அப்படித்தான், உடைந்த கட்சியிலும் அப்படித்தான். ‘குழு’ என்றால் விசாரணைக் குழு, ஆய்வுக் குழு என்று மனம் போகிறது. ஒரு சிக்கலுக்குக் குழு அமைத்துவிட்டார்கள் என்றால் அது தள்ளிப்போடப்பட்டது என்றே நம் மக்கள் பொருள்கொள்கிறார்கள். கன்னட நண்பர்கள் ‘தண்ட’ என்கிறார்கள். அது நம் காதில் தண்டம் என்று விழுகிறது. (எங்கள் நிதிப் பிரிவினர் அதை மனமாற வரவேற்பார்கள்.) இருப்பவற்றுள் ‘குழு’ பரவாயில்லை என்பதே என் எண்ணம்.

‘பில்டிங்’ என்பதில்தான் உண்மையான சிக்கல். குழு உருவாக்க விளையாட்டு, அணிக் கட்டமைப்பு விளையாட்டு, குழு மேம்பாட்டுச் செயல்பாடு என்றெல்லாம் ஆங்காங்கே எழுதுகிறார்கள். இவை அனைத்தும் விளையாட்டின் விளைவை முன்கூட்டியே வாக்களித்துவிடுகின்றன. ஒரு பிற்பகல் ஆட்டத்தில் குழு உருவாகிவிடுமா? புரூஸ் டக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர், சிறு குழுக்கள் கூடி, முட்டி மோதி, தமக்குள் நெறி வகுத்துக்கொண்டு, அதன் பின்னரே செயற்படத் தொடங்குகின்றன என்று 1965-இல் எழுதினார்; 1977-இல் பிரிதல் என்ற ஐந்தாம் நிலையையும் சேர்த்தார். அந்த நீண்ட பாதைக்குக் ‘குழு வளர்ப்பு’ என்று பெயரிடலாம். தோப்பில் ஆடும் ஆட்டம் அதன் முதல் அடிக்குக் கொஞ்சம் துணை செய்யும், அவ்வளவே.

மேலும், நம் ஆட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். கயிறிழுத்தல், கண்ணாமூச்சி, பச்சைக்குதிரை, சடுகுடு, பல்லாங்குழி ஆகியவற்றுள் சில ஆடுவோரின் செயலால் பெயர் பெற்றவை, சில அவர்கள் எழுப்பும் ஒலியால், சில ஆடும் கருவியால். பல்லாங்குழியைக் ‘கணக்கறிவு மேம்பாட்டு விளையாட்டு’ என்று எந்தப் பாட்டியும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் எந்தப் பேத்தியும் ஆட வந்திருக்க மாட்டாள்.

அன்று தோப்பில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் வகுத்து, டாம் வூஜெக் 2010-இல் ‘டெட்’ (TED) உரைமேடையில் விளக்கியதால் உலகெங்கும் பரவிய மார்ஷ்மெல்லோ ஆட்டத்தை உங்களில் சிலர் ஆடியிருப்பீர்கள். இருபது ஸ்பாகெட்டிக் குச்சிகள், ஒரு கஜம் ஒட்டுநாடா, ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ ஆகியவற்றைக் கொண்டு, உச்சியில் அந்த மிட்டாய் நிற்குமாறு, 18 நிமிடங்களுக்குள் எவ்வளவு உயரமான கோபுரத்தை எழுப்ப முடியும் என்பதே போட்டி. நாங்கள் ஸ்பாகெட்டிக்கு மாற்றாகத் தென்னை ஈர்க்குகளையும் மார்ஷ்மெல்லோவுக்கு மாற்றாக உளுந்து வடையையும் வைத்துக்கொண்டோம். ஒரு குழுவில் உற்பத்தி மேலாளரும் சேர்ந்திருந்தார். அவர் தாளில் படம் வரைந்துகொண்டிருந்த பத்து நிமிடங்களில், அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் மும்மூன்று ஈர்க்குகளைச் சேர்த்து, கூடை முடைபவர் போடும் முடிச்சால் இறுக்கி, மூன்று கால்களை நட்டு, வடையை முதலிலேயே மேலே வைத்துப் பார்த்துவிட்டார். சாய்ந்தது, ஒரு காலை அகட்டினார், நின்றது. மேலாளர் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நான் எதைப் பிடிக்கணும், சொல்லுப்பா” என்றார். எண்ணெய் ஊறிய நூலை 18-ஆம் நிமிடம் வரை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாண்டுகளாக அந்த இளைஞரை வரிசை எண்ணால் அறிந்திருந்தவர், மறுநாள் பெயர் சொல்லி அழைத்தார். அங்கே நடந்ததற்கு நம் மொழியில் ‘பழகுதல்’ என்று பெயர்.

எனவே ‘பழகு விளையாட்டு’ என்ற வினைத்தொகையை முன்மொழிகிறேன். பழகிய, பழகுகின்ற, பழகும் என்று முக்காலத்துக்கும் அது இடங்கொடுக்கிறது. சுருக்கம் வேண்டுவோர் ‘பழகாட்டம்’ எனலாம். ‘ஐஸ் பிரேக்கர்’ என்பதைப் ‘பனியுடைப்பான்’ என்று எழுத வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். நம் ஊரில் புதியவரிடம் கூச்சம் தெளியும், பனி உடையாது. அதற்கு ‘அறிமுக ஆட்டம்’ போதும்.

அன்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

*

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மறுமொழி

வணக்கம். விளைவை வாக்களிக்கும் சொல் வேண்டாம் என்பதில் உங்களுடன் முழுதும் உடன்படுகிறேன். ஆனால் ‘பழகு விளையாட்டு’ என்னும் சொல்லை என் அலுவலகச் சுற்றறிக்கையில் நான் ஒருநாளும் அச்சிட மாட்டேன்.

மனிதவளத் துறையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எங்கள் நிறுவனத்தில் அமைந்துள்ள உள்ளகக் குழுவிலும் உறுப்பினராக இருக்கிறேன். “அவங்க ரெண்டு பேரும் பழகறாங்க” என்று இன்றைய பேச்சுத் தமிழில் ஒருவர் சொன்னால் அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலாளரோடு பழகு விளையாட்டு ஆட ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு வரவும் என்று எழுதினால், எந்தப் பெண் வீட்டில் அதைக் காட்டிவிட்டு வருவாள்? ‘கூடல்’, ‘இணைதல்’, ‘கலத்தல்’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். நம் இலக்கியம் இந்தச் சொற்களையெல்லாம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

உங்கள் வடைக் கோபுரத்தில் நடந்ததைப் பழகுதல் என்பதைவிட, ஒருவர் இன்னொருவர் உடன் நின்றார் என்று சொல்லத் தோன்றுகிறது. ‘உடன்’ என்ற சொல்லில் தொடுகை இல்லை, துணை இருக்கிறது. ‘உடன் விளையாட்டு’ என்று ஏதேனும் அமைக்க இயலுமா?

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. ஒரே பக்கம் நின்றுவிட்டாலே கூட்டுமுயற்சி வந்துவிடாது. மாக்சிமிலியன் ரிங்கல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆள்களைக் கயிறிழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்ட முடிவுகளில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கான பங்கு தனியே இழுத்ததில் ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஒரு காரணம் கைகள் ஒத்திசையாமை. மற்றொன்று, பக்கத்தில் இருப்பவர் இழுக்கட்டும் என்ற எண்ணம். எங்கள் வாரக் கூட்டங்களில் இதை ஆய்வுச் செலவின்றியே காணலாம்.

*

ஜெயநகரிலிருந்து மறுமொழி

தம்பிக்கும் அம்மையாருக்கும் வணக்கம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் ஒரு திருத்தம்: அறிவிப்பில் இருந்தது ‘கட்டிடம்’, கட்டப்பட்டதைக் குறிக்கக் ‘கட்டடம்’ என்றே எழுத வேண்டும். தவறான சொல்லையும் பிழையில்லாமல் எழுதலாமே.

‘பழகாட்டம்’ இலக்கணப்படி குற்றமற்றது. பழகு என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டு, ஆட்டம் வந்து ஏறிக்கொள்கிறது. பழகா என்னும் எதிர்மறையோடு ஆட்டம் சேர்ந்திருந்தால் வகர உடம்படுமெய் தோன்றிப் ‘பழகாவாட்டம்’ என்றாகியிருக்கும். ஆயினும் படிப்பவர் நன்னூலைப் புரட்டிக்கொண்டா படிக்கிறார்? யாரும் யாரோடும் பழகாத ஆட்டம் என்றே பத்தில் எட்டுப் பேர் கொள்வர். அம்மையார் சொன்ன காரணமும் சேர்ந்தபின் அச்சொல்லை விட்டுவிடலாம்.

பழஞ்சொற்களில் ‘ஓரை’ எனக்கு மிகவும் பிடித்தது. சங்கப் பாடல்களில் மகளிர் தோழியரோடு கூடி ஆடும் ஆட்டம் அது. ‘ஓரை ஆயம்’ என்றே ஒரு தொடர் உண்டு. இன்று அதை எடுத்தாண்டால் சுக்கிர ஓரையா, சனி ஓரையா என்று நாட்காட்டியைப் பார்ப்பார்கள். விட்டுவிடுகிறேன், வருத்தத்தோடு.

‘உடன்’ சரியான வேர். உடன்பாடு, உடன்படிக்கை, உடன்பிறப்பு என்று துணைப்பொருளில் அது நன்கு வேரூன்றியிருக்கிறது. விளையாட்டு என்பது நீளம். ஆட்டம் என்று வைத்தால் ‘உடனாட்டம்’ என இயல்பாகப் புணர்கிறது. உடனே ஆடும் ஆட்டம் என்று பிறழ உணர்வார்களோ என ஐயம் எழலாம். உடன்பிறப்பே என்று மேடையில் விளித்தபோது, உடனே பிறந்தவனே என்று எந்தத் தமிழனும் கேட்டுக்கொள்ளவில்லை.

*

பீன்யாவிலிருந்து மீண்டும்

ஐயாவுக்கும் அம்மையாருக்கும் நன்றி. ‘பழகு’வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பேச்சுவழக்குப் பொருள் எனக்குத் தெரிந்தே இருந்தும் என் கண்ணில் படாமல் போனது, சுற்றறிக்கையை எழுதுபவனுக்கும் அதைப் பெறுபவருக்கும் உள்ள தொலைவைக் காட்டுகிறது.

‘உடனாட்ட’த்தைக் கையேட்டின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதனால் கிடைத்த எதிர்பாராத பயன் என்னவென்றால், பட்டியலில் ஏறத்தாழப் பாதி அடிபட்டுப் போயிற்று. இசை நாற்காலியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரை வெளியேற்றுகிறோம். கடைசியில் ஒருவர் மட்டும் அமர, மற்றவர் அனைவரும் நின்று கைதட்டுகிறார்கள். அதை எந்த வகையிலும் உடனாட்டம் என்று சொல்ல முடியாது. ‘குழு மேம்பாட்டு விளையாட்டு’ என்ற தலைப்பின்கீழ் அது இத்தனை ஆண்டுகள் யாருக்கும் உறுத்தாமல் உட்கார்ந்திருந்தது.

கயிறிழுத்தல்தான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. தன் பக்கத்தாருக்கு உடன், எதிர்ப்பக்கத்தாருக்கு எதிர். இங்கே எனக்கு வழிகாட்டியது முசாபர் ஷெரீப் என்னும் சமூக உளவியலாளர் 1954-ஆம் ஆண்டுக் கோடையில் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் நடத்திய சோதனை. பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரு பிரிவாக்கி, பரிசு வைத்துப் போட்டிகள் நடத்தினார்கள். கயிறிழுத்தலும் அவற்றுள் ஒன்று. சில நாள்களிலேயே ஒரு பிரிவின் கொடியை மற்றது எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. அருகருகே உட்காரவைத்து உணவு பரிமாறியும் பயனில்லை. சோற்றையே எடுத்து வீசிக்கொண்டார்கள். பின்னர், தண்ணீர் நின்றுபோனது போலவும், உணவு ஏற்றிவரும் வண்டி பழுதானது போலவும் சூழ்நிலைகளை அமைத்தார்கள். அந்த வண்டியை இழுக்க, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றைச் சிறுவர்கள் கொண்டுவந்து கட்டி, இரு பிரிவினரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதுதான் பகை தணிந்தது.

நம் ஊரில் இதை விளக்கச் சோதனை தேவையில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்றால் போதும். வடத்துக்கு ஒரே திசைதான். ஆகவே எதிரெதிரே இழுக்கும் கயிற்றைப் ‘போட்டி’ என்ற பகுதிக்கு மாற்றிவிட்டேன். அதற்கு மாற்றாக, இயந்திரங்களை நகர்த்தும் தட்டுவண்டி ஒன்றில் மணல் மூட்டைகளை ஏற்றி, எல்லாப் பிரிவினரும் ஒரே பக்கம் நின்று வடத்தால் ஐம்பது அடி இழுக்கும் ஆட்டத்தைச் சேர்த்திருக்கிறேன். அம்மையாரின் ரிங்கல்மன் எச்சரிக்கையை மனத்தில் வைத்து, ஒரு வடத்துக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்றும் எழுதிவிட்டேன்.

லேத் பெரியவரிடம் புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “உடனாட்டமா? கூட ஆடறது” என்றார். விளக்கம் எதுவும் நான் தரவில்லை.

கையேட்டில் இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் காலியாக இருக்கிறது. ஆட்டத்தைத் தான் ஆடாமல், விதி சொல்லி, நேரம் பார்த்து, முடிந்தபின் அனைவரையும் பேசவைப்பவரை என்னவென்று அழைப்பது? ‘நடத்துநர்’ என்று எழுதினால் சில்லறை கேட்பார்கள். ‘ஆட்டுவிப்பவர்’ என்றால் எங்கள் மேலாளர்கள் சிலருக்கு அது ஏற்கெனவே பட்டப்பெயர். அச்சகத்துக்கு அடுத்த வாரம் கொடுக்க வேண்டும் என்பதால், அன்பர்கள் விரைந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.