மறுமொழி: ஊருக்கு ஃபைபர் லைன் – தோட்டத்துச் சாளைகளை விட்டுவிட வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

சிங்கப்பூர் மாமா போன வாரம் எழுதின மடலைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஊருக்குள் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் இன்டர்நெட் ஃபைபர் லைன் இழுப்பார்களாம். தோட்டத்துச் சாளைக்காரர்கள், அதாவது ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், வேண்டுமென்றால் கம்பத்துக்கும் ஒயருக்கும் அவரவரே பணம் கட்டணுமாம். கம்பெனிக்காரர் சொன்ன இந்த வார்த்தைக்கு நாமும் தலையாட்டப் போகிறோம் போலிருக்கிறது. நான் குடியிருக்கிற அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காட்டுப் பக்கம் தொண்ணூறு வருஷம் முன்னால் பேசின பேச்சும் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரத்து வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் கரண்ட் இருந்தது. பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றுதான். மைலுக்கு இரண்டு மூன்று வீடுதான் இருக்கிறது, போட்ட காசு திரும்பாது என்று மின் கம்பெனிகள் கைவிரித்தன. கேட்டுப் போனவர்களிடம் மைலுக்கு 2,000 டாலர் வரைக்கும் சொன்னார்கள். சோளம் விலை விழுந்து கிடந்த காலத்தில் யார் கொடுப்பார்கள்?

1935 மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆர்.இ.ஏ. என்ற ஊரக மின்மய நிர்வாகத்தை ஆரம்பித்தார். மறு வருஷம் நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நாரிஸும் டெக்சாஸ் கீழவை உறுப்பினர் சாம் ரேபர்னும் அதைச் சட்டமாக்கினார்கள். மின் கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க ஆர்.இ.ஏ. தயாராகத்தான் இருந்தது, கம்பெனிகள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கடைசியில் விவசாயிகளே வீடு வீடாகப் போய் ஆளுக்கு 5 டாலர் வாங்கிக் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். அரசு அந்தச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தது. இனாம் இல்லை, அசலும் வட்டியும் கட்டணும். 1944-ல் வட்டியை 2 சதவீதமாக்கி, 35 வருஷத் தவணையும் கொடுத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செலவைக் குறைத்த விதம். வலுவான கம்பியைப் போட்டு, கம்பத்துக்குக் கம்பம் தூரத்தைக் கூட்டி, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வடிவமைப்பில் வேலை செய்தார்கள். மைலுக்கு ஆயிரம் டாலருக்குள் அடங்கிவிட்டது. முன்னால் சொன்ன 2,000 கல்லில் எழுதின விலை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

சங்கங்கள் வளர்வதைப் பார்த்ததும் சில கம்பெனிகள் அவசர அவசரமாக வந்து வசதியான பண்ணைகளுக்கு மட்டும் லைன் இழுத்தன. நல்ல வாடிக்கை அந்தப் பக்கம் போனால் மிச்சப் பேரை வைத்துச் சங்கத்தால் கணக்கைச் சமாளிக்க முடியாது. அதற்கு இங்கே 'ஸ்பைட் லைன்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் வயிற்றெரிச்சல் லைன். இதற்கு ஆர்.இ.ஏ. பிடித்த வழி, வட்டாரம் முழுவதற்கும் ஒரே கணக்கு. கிட்டத்து வீடும் கடைசி வீடும் அதே கணக்கில் வரும், ஒன்றின் பாரத்தை இன்னொன்று தாங்கும். மாமா, நம் லைன் விஷயத்தில் நான் கேட்பதும் இவ்வளவுதான்.

டெலிபோன் கதை இதைவிட வேதனை. 1920-ல் பண்ணைகளில் நூற்றுக்கு 39-ல் போன் இருந்தது, 1940-ல் அது 25 ஆகிவிட்டது. முள்வேலிக் கம்பியிலேயே பேச்சை அனுப்பின ஊர்கள் இங்கே உண்டு. அந்தப் பணமுடைக் காலத்தில் பழுது பார்க்கக் காசில்லாமல் பல லைன்கள் செத்துப்போயின. 1949 அக்டோபரில்தான் சட்டத்தைத் திருத்தி டெலிபோனுக்கும் கடன் கொடுத்தார்கள். என் பக்கத்துப் பண்ணைப் பாட்டி, எட்டு வீட்டுக்கு ஒரே லைன் இருந்ததையும், மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணி யாருக்கு அழைப்பு என்று கண்டுபிடித்ததையும் இன்றைக்கும் சொல்வார். கரண்ட் வந்ததும் அவர் அம்மா முதலில் வாங்கினது இஸ்திரிப் பெட்டியாம்.

இந்த வழி நம் நாட்டுக்கும் வந்தது. 1969-ல் ஆர்.இ.சி. என்ற ஊரக மின்மயக் கழகம் பிறந்தது, அடுத்த வருஷம் தெலங்கானாப் பக்கம் சிரிசில்லாவில் மின் கூட்டுறவுச் சங்கம். அது இன்றைக்கும் நடக்கிறது.

இனி நம் காரியம். கம்பெனிக்காரரிடம் ஊரும் சாளைகளும் சேர்த்து ஒரே மதிப்பீடு கேட்போம். கூடுதலாகும் பணத்தை நம் ஊர்ச் சங்கத்தின் வைப்புப் பணத்திலிருந்து கடனாகக் கொடுத்து, எல்லா வீடும் சமமாக மாதத் தவணையில் கட்டட்டும். வைப்பு பத்தாவிட்டால் என் பங்காக ஐம்பதாயிரம் ரூபாய் கடனாகத் தருகிறேன், வட்டி வேண்டாம். ஊரில் இருக்கிற தம்பிகள் யாராவது வாய்க்கால் மேட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை சாளை, கடைசிச் சாளை வரைக்கும் எத்தனை கம்பம் ஆகும் என்று எண்ணி ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தக் குழுவில் போடுங்கள்.