ஸ்கேன்ல பெருசா ஒண்ணுமில்லை, இடுப்பு வலி மட்டும் போகலை: வீட்ல 'சாக்கு'ங்கிறாங்க

போடிக்காரன்:
அம்மாவுக்கு 50 வயசு. போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிற வேலை. எட்டு மாசமா இடுப்பு வலி. ஸ்கேன்ல முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு லேசா பிதுங்கியிருக்கு, அவ்வளவுதான். அப்பாவும் அத்தையும் 'வேலைக்குப் போகாம இருக்க சாக்கு'ங்கிறாங்க. அம்மா விசேஷ வீடுகளுக்குப் போறதையே விட்டுட்டாங்க. இப்ப டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதியிருக்கார். அது மன அழுத்த மாத்திரையாமே?

மருந்துக்கடை:
அதே மாத்திரைதான், ஆனா மன அழுத்தத்துக்கு இதைப்போல பல மடங்கு வேணும். 10 மி.கி. நரம்பு வலியைத் தணிக்கவும் தூங்க வைக்கவும். பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள வாய் வறளும், காலைல மந்தமா இருக்கும். விடிய ஜீப் ஏறணும்னா, படுக்கும்போது போடாம ராத்திரி எட்டு மணிக்கே போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. திடீர்னு நிறுத்தக் கூடாது.

இயன்முறை:
3 மாசம் தாண்டுன வலியில காயம் ஆறியிருந்தாலும் நரம்பு உஷாராவே நிக்கும். ஸ்கேன்ல அது தெரியாது. வலியே இல்லாத 50 வயசுக்காரங்க ஸ்கேன்லயும் ஜவ்வுப் பிதுக்கம் சகஜம். அதனால ஸ்கேனைக் காட்டி யாரையும் நடிக்கிறாங்கன்னு சொல்ல முடியாது.

கெடுக்கிறது எதுன்னா, வலி குறைஞ்ச அன்னிக்கு மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுட்டு அடுத்த ரெண்டு நாள் படுத்துக்கிறது. பாக்கிறவங்களுக்கு 'நேத்து நல்லாத்தானே இருந்தா'ன்னு தோணுறதும் இதாலதான். மூணு நாள், குத்தவச்சு எத்தனை நிமிஷத்துல வலி ஏறுதுன்னு குறிங்க. 20, 10, 15னா சராசரி 15. அதுல ஐந்துல நாலு பங்கு, 12 நிமிஷம். வலிச்சாலும் வலிக்காட்டியும் 12 ஆனதும் எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நடக்கணும். அடுத்த வாரம் 13. நல்லா இருக்குன்னு 25க்குத் தாவினா திரும்ப முதல்லருந்துதான். கங்காணிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

மலையோரம்:
அடுத்த தடவை அப்பாவையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மகன் சொல்லிக் கேக்காதவங்க டாக்டர் சொன்னா கேப்பாங்க. 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு நாள் முழுக்கக் கேக்காதீங்க, கவனம் அங்கேயே போகும். விசேஷத்துக்கு ஒரு மணி நேரம், முதுகு சாய்க்கிற நாற்காலி, முதல் பந்தின்னு பேசிவச்சுட்டுப் போங்க.

மனசு ரொம்ப விழுந்தா அரசாங்க மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம், காசு இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையாளர் வருவாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க.

இயன்முறை:
ஒண்ணு விட்டுட்டேன். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைச்சாலோ, தன்னறியாமப் போனாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.