கேரம் போர்டோடு வந்த படிவம்

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் படிப்பகத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கேரம் போர்டும் வாலிபாலும் தருகிறார்கள். மிரட்டல் இல்லை, சிரித்த முகம்தான். அப்புறம் ஒரு படிவம்: பெயர்ப்பலகையில் அவர்கள் சின்னம், உறுப்பினர் பட்டியல், கூட்டம் போட்டால் முன்கூட்டியே தகவல். போன மாதம் குளத்தை மூடுவதை எதிர்த்துப் பேசினோம், இனி முடியுமா?

2020இல் மத்திய அரசு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, அந்த நன்கொடை வாங்கும் அமைப்புகள் எல்லாம் டெல்லியில் ஒரே ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் அந்தப் பணத்தை வாங்க வேண்டும் என்றார்கள். நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அது நேரடிக் கடிவாளம். எங்களுக்கு வெளிநாட்டுக் காசே கிடையாது, மாதச் சந்தாதான். அதனால்தானோ என்னவோ கேரம் போர்டு!

இப்படிக் கையெழுத்துப் போட்ட மன்றத்தார் யாராவது இருக்கிறீர்களா? பட்டியல் தராமல் பொருளை மட்டும் வாங்க வழி உண்டா? சனிக்கிழமைக்குள் பதில் கடிதம் கொடுக்க வேண்டும்.