செட்டிநாட்டுப் பலகாரம் வாங்க எந்தத் தெருவுக்குச் செல்வது?

திருச்சிவாசி:
வணக்கம். அடுத்த மாதம் எழுபது வயதான என் தாயாரைக் காரைக்குடிக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். அவர் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டு ஆச்சி ஓலைக் கொட்டானில் கொடுத்தனுப்பிய மனகோலத்தையும் சீப்புச் சீடையையும் பற்றி இன்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பழைய வீடுகளைப் பார்த்தபடி நடந்து, அந்தப் பலகாரங்களையும் வாங்கக்கூடிய தெரு எது? ஒரு நாள் போதுமா?

காரைக்குடியான்:
வாருங்கள். பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முனீஸ்வரன் கோவில் தெருதான். ஆனால் அது பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்றது. எனாமல் தூக்குகளையும் பழைய மரத் தூண்களையும் அங்கே பார்க்கலாம். பலகாரத்துக்காக அங்கே போக வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பு, வளவு எனப்படும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் அடுப்படி வரும். எனவே முகப்புத் தெருவோடு திரும்பிவிடாமல், பின் தெருவிலும் நடந்து பாருங்கள். கல்யாணச் சீருக்குப் பலகாரம் செய்து தருபவர்கள் பெரிய பெயர்ப்பலகை வைத்திருப்பதில்லை; தங்கும் இடத்தில் விசாரித்து, இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் புதிதாகச் செய்து தருவார்கள்.

சீப்புச் சீடை செய்வதைப் பார்க்க வாய்த்தால் தவறவிடாதீர்கள். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை வரிவரியான பட்டையாகப் பிழிந்து, சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி முனைகளை ஒட்டி எண்ணெயில் போடுவார்கள். ஒரு படி மாவுக்கு எத்தனை முறை அந்த விரல் சுற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் விலை பேச மனம் வராது.

கானாடுகாத்தான் மருமகள்:
பெட்டியில் எடுத்துச் செல்ல முடியாதவற்றையும் அம்மாவுக்குக் கொடுங்கள். வெள்ளைப் பணியாரத்தைச் சுட்ட சூட்டில்தான் சாப்பிட வேண்டும். என் மாமியார் சொல்லித்தந்த அளவு: ஓர் உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேல் கோபுரமாக நிற்கும் அளவுக்கு மட்டுமே உளுந்து. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். பர்மாவில் வணிகம் செய்தவர்களோடு இங்கே வந்து சேர்ந்த கவுனி அரிசியையும் கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கிளறுவார்கள்.

பயணப்பை:
ஒரு நாள் போதாது. காரைக்குடிக்கு ஒரு நாள், கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருந்தாலும், பெரும்பாலான வீடுகள் உரிமையாளர்கள் விசேஷங்களுக்கு வரும்போதுதான் திறக்கின்றன. விடுதிகளாக மாறிய வீடுகளில் மதிய உணவுக்கு முன்பதிவு அவசியம். போன முறை சொல்லாமல் போய், பசியோடு நின்ற என் தந்தையைப் பார்த்து வருந்தினேன். முகப்புப் படிகள் உயரமாக இருக்கும் என்பதால் அம்மாவுக்குக் கைத்தாங்கலும் தேவைப்படும்.

திருச்சிவாசி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணத்தை இரண்டு நாளாக மாற்றிவிட்டேன். இதையெல்லாம் படித்துக் காட்டியதும், கந்தரப்பமும் கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார்.

காரைக்குடியான்:
கிடைக்கும். சீடைக்குச் சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.